படகு நின்ற இடம்: கிள்ளான் ஆற்றுப் பயணத்தின் வரலாறு

கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனை, ஒரு காலத்தில் படகுகள் நின்ற இடம். அதற்கு மேலே நீர் ஆழம் குறைந்தது. சுமை ஏற்றிய படகு போகாது. சரக்கைக் கரையில் இறக்கி, தோளில் ஏற்றி, காட்டு வழியே நடக்க வேண்டியிருந்தது. படகை விட்டு இறங்கியே ஆகவேண்டிய இடத்தில் கடை வந்தது, கடையைச் சுற்றிக் குடிசைகள் வந்தன, பிறகு ஊர் வந்தது. இன்று ஜாமெக் பள்ளிவாசல் நிற்கும் அந்த முனைக்கு 1886 வரை கடற்கரையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆற்று வழியை முழுதாகவோ பாதியாகவோ நம்பியே வந்தார்கள். கோலாலம்பூரின் முதல் நெடுஞ்சாலை கிள்ளான் ஆறுதான்.

இந்த ஆறு நகரத்தின் வடகிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் சரிவில் பிறந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, போர்ட் கிள்ளான் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அம்பாங், கோம்பாக், பத்து, கெராயோங், பெஞ்சாலா, டாமன்சாரா எனப் பல கிளையாறுகள் வழிநெடுக வந்து சேர்கின்றன. மேல்பகுதியில் கற்களும் வேகமும், நடுப்பகுதியில் சேறும் வளைவுகளும், கீழ்ப்பகுதியில் அலையாத்திக் காடும் கடல் ஓதமும் என ஒரே ஆற்றில் மூன்று குணம். கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். கடலிலிருந்து வரும் படகுக்காரன் ஓதம் ஏறும் நேரத்துக்காகக் காத்திருந்தால், கிள்ளான் ஊர் வரை கடலே அவனைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு மைலும் அவன் கை வலிமைக்கு உட்பட்டது.

இந்தக் கரையோரத்தில் படகுப் பழக்கம் மிகத் தொன்மையானது. பந்திங் அருகே சுங்கை லாங் என்னும் கம்பத்தில் 1964ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட இரண்டு வெண்கல முரசுகள், படகின் பகுதி எனக் கருதப்படும் ஒரு மரப்பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. வடவியட்நாமின் தோங் சோன் பண்பாட்டைச் சேர்ந்த அந்த முரசுகள் இங்கே வந்து சேர்ந்தது நீர் வழி வாணிகத்தால்தான். சாவகத்தின் மஜபாகித் பேரரசுக் காலத்தில், 1365இல் எழுதப்பட்ட நாகரகிருதாகமம் என்னும் காவியமும் கிள்ளானைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கோலாலம்பூர் என்ற ஒன்று இல்லாத காலத்திலேயே கிள்ளான் ஒரு துறை.

ஆற்றில் ஓடிய கலங்கள் பல. மலாய்க்காரர்களின் பெராகு, சீனர்களின் சம்பான், சரக்கு ஏற்றும் பெரிய தொங்கான், பூர்வகுடியினரின் மூங்கில் தெப்பம். இந்தச் சொற்களில் சம்பானும் தொங்கானும் மலேசியத் தமிழுக்குள் அப்படியே வந்து தங்கிவிட்டன. தமிழில் தோணி, ஓடம், பரிசல், தெப்பம், புணை, கட்டுமரம் என்று சிறுகலங்களுக்கு ஏற்கெனவே ஒரு வரிசைச் சொற்கள் இருந்தும், துறைமுகத்தில் வேலை செய்த தமிழர் அங்கே கேட்ட சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளியின் வாயில் மொழி வளரும் விதம் இது.

கிள்ளானிலிருந்து மேலே கோலாலம்பூருக்குப் படகில் வர மூன்று நாள் வரை ஆனது. எதிரோட்டத்தில் துடுப்பு அதிகம் உதவாது. நீண்ட மூங்கில் கழியைப் படுகையில் ஊன்றி, அதன்மேல் உடம்பின் எடை முழுவதையும் சாய்த்து உந்த வேண்டும். கழி சேற்றில் புதைந்துகொண்டால் அதைப் பிடுங்குவதற்குள் ஓட்டம் படகைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் ஓட்டம் வலுவாக இருக்கும் வெளிவளைவை விட்டு, நீர் மந்தமாக இருக்கும் உள்வளைவை ஒட்டியே போவார்கள். அடுத்த வளைவில் உள்கரை எதிர்ப்பக்கம் மாறும். படகும் ஆற்றைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போகும். சாய்ந்து கிடக்கும் மரம் இன்னொரு ஆபத்து. நீர் அதன் கிளைகளுக்கு ஊடே புகுந்து போய்விடும். படகும் ஆளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். இறங்கும்போது இந்த உழைப்பில் பெரும்பகுதி மிச்சம். ஈயக் கட்டிகளை ஏற்றிய படகை ஓட்டமே இழுத்துப் போகும். வளைவிலும் மரத்திலும் மோதாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

1857இல் நடந்த பயணம் இந்த வழியின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் லூக்குட்டை ஆண்ட அவர் சகோதரர் ராஜா ஜுமாஅத்தும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி திரட்டி, 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பினார்கள். அவர்கள் இரு ஆறுகள் கூடும் முனை வரை படகில் வந்து, அங்கிருந்து அம்பாங் வரை காட்டுக்குள் நடந்தார்கள். ஈயம் கிடைத்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் 18 பேர். மீண்டும் 150 பேர் அனுப்பப்பட்டார்கள். 1859இல் அம்பாங் ஈயம் முதன்முறையாக ஆற்று வழியே வெளியே போனது. அந்த 69 பேரின் பெயர்கள் எந்த நகரச் சின்னத்திலும் இல்லை. இந்த மாநகரம் அவர்கள் தொடங்கிய வேலையின் மேல்தான் நிற்கிறது.

சுரங்கத்துக்கு அரிசி, எண்ணெய், கருவாடு, மண்வெட்டி எல்லாம் படகில் வந்தாக வேண்டும். லூக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூவும் யாப் ஆ ஸியும் ஆற்று முனையில் கடை போட்டார்கள். சுமத்ராவின் மண்டைலிங் வணிகர்கள் அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே நடமாடினார்கள். அவர்களில் சுத்தான் புவாசா என்பவரை ஊரின் முதல் மனிதர்களில் ஒருவராகச் சொல்பவர்களும் உண்டு. யார் முதலில் வந்தார் என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். எல்லோரும் இறங்கிய இடம் ஒன்றே, இறக்கிவிட்டது ஆறு.

ஆற்றின் வாயைப் பிடித்தவனே மேலே இருந்த ஊர்களின் குரல்வளையைப் பிடித்தவன். மேலே போகும் அரிசிக்கும் கீழே வரும் ஈயத்துக்கும் வரி கிள்ளானில் வசூலானது. ராஜா அப்துல்லா ஈயத்தைச் சேமிக்க 1857 வாக்கில் ஆற்றங்கரைக்கு அருகே கட்டிய பண்டகசாலை, கெடோங் ராஜா அப்துல்லா என்ற பெயரில் இன்றும் கிள்ளானில் நிற்கிறது. அந்த வரியைக் குறித்து எழுந்த பகைதான் 1867இல் சிலாங்கூர் உள்நாட்டுப் போராக வெடித்தது. கிள்ளான் தம் தந்தையின் சொத்து என்று உரிமை கோரிய ராஜா மஹ்தி ஊரை முற்றுகையிட்டுப் பிடித்தார். போர் 1874 வரை நீண்டது. 1872இல் கோலாலம்பூர் எரிந்து தரைமட்டமானது; மறு ஆண்டு ஊரை மீட்ட சீனர் தலைவர் யாப் ஆ லோய் அதை மறுபடி கட்டினார். ஒரு நாட்டின் போரை ஒரு ஆற்றின் சுங்கச்சாவடி தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை.

போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆலோசகரான ரெசிடென்ட் வந்தார். 1875இல் பொறுப்பேற்ற ஜே. ஜி. டேவிட்சனுடன் சிங்கப்பூரிலிருந்து எழுத்தராக வந்தவர் கா. தம்புசாமிப் பிள்ளை. பிற்காலத்தில் பத்துமலை முருகன் கோயிலுக்கும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலுக்கும் அடித்தளம் இட்டவர் அவர். அவர் வந்தபோது சிலாங்கூரின் தலைமையிடம் கிள்ளான். கோலாலம்பூருக்குத் தண்டவாளம் கிடையாது. 1879இல் கிள்ளானுக்கு வந்த ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்டு அதைக் களையிழந்த ஊராகத்தான் கண்டார். செல்வம் அதற்குள் மேலே நகர்ந்திருந்தது. 1880இல் தலைமையிடமும் அதன் பின்னால் நகர்ந்தது.

இந்தக் காலத்தில் பயணம் இரண்டு துண்டானது. நீராவிப் படகுகள் டாமன்சாரா ஆறு கிள்ளான் ஆற்றில் கலக்கும் இடம் வரை, அதாவது இன்றைய ஷா ஆலாம், பத்து தீகா வட்டாரம் வரை வந்தன. அங்கே இறங்கித் தரைவழியே கோலாலம்பூருக்குப் போவது, வளைந்து வளைந்து ஏறும் ஆற்றைவிட விரைவானது. பாதி நீர், பாதி நடை. கோலாலம்பூரின் டாமன்சாரா சாலை என்ற பெயருக்கு மூலம் அந்தப் படகுத்துறைதான்.

1881 ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊர் ஒரே ஆண்டில் இரண்டு முறை அழிந்தது. ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1884இல் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கான களிமண் ஆற்றங்கரையிலேயே கிடைத்தது. ஊரின் தெற்கே கிள்ளான் ஆற்றை ஒட்டிச் சூளைகள் புகைந்தன. அந்தச் சூளை நிலத்தின் பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட வண்டல், நகரத்தின் சுவராக மாறியது.

அதே பிரிக்பீல்ட்ஸ் ஆற்றுப் பயணத்துக்கு முடிவு கட்டிய ரயிலுக்கும் பணிமனை ஆனது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானின் எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. மூன்று நாள் கழி ஊன்றிய தூரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. 1890இல் பாலம் கட்டி ரயிலைக் கிள்ளான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பகுதியானது இந்த ரயிலால்தான். ஆற்றில் மேலேறிய படகுகளைப் பற்றிய நினைவு தமிழரிடம் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே: பெருந்தொகையாக அவர்கள் வந்தபோது படகின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஊர் நினைவு ஸ்டேஷனிலிருந்தும் தொழிலாளர் லயத்திலிருந்தும் தொடங்குகிறது.

1901 செப்டம்பரில் ஆற்றின் வாயில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்ததும் கிள்ளான் ஊர்த்துறையின் கப்பல் வாணிகமும் இடம் மாறியது. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்தத் துறைமுகம் மலேரியாவால் திறந்த இரண்டு மாதத்திலேயே மூடப்பட்டது. மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி, சதுப்பை வறட்டி, கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகே அது மூச்சு விட்டது. 1857இல் அம்பாங்கில் 69 பேரைக் கொன்ற காய்ச்சலை முறையாக எதிர்த்து வென்ற தொடக்க கால முயற்சிகளில் ஒன்றாக உலக மருத்துவ வரலாறு அதை மதிக்கிறது. துறைமுகத்தின் பெயர் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது.

ஆற்றைப் படகுக்கு உதவாமல் செய்தது ரயில் மட்டுமல்ல, படகுகள் எதற்காக வந்தனவோ அந்த ஈயமும்தான். ஈயலம்பங்கள் எனப்பட்ட ஈயச்சுரங்கங்களில் மண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்துத்தான் தாதுவைப் பிரித்தார்கள். கரைந்த மணலும் சேறும் ஆற்றில் இறங்கின. படுகை உயர்ந்தது, ஆழம் குறைந்தது, மழை வந்தால் கரை கொள்ளவில்லை. 1926 டிசம்பர் இறுதியில் வந்த வெள்ளம் கோலாலம்பூரின் தெருக்களை ஆறாக்கியது; ஆற்றிலிருந்து போன படகுகள் தெருவில் திரும்பி வந்தன. அதன் பிறகு ஆறுகள் கூடும் முனைக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையில் ஆற்றை நேராக்கிக் கரை எழுப்பும் வேலை நடந்தது. படகுக்காரனுக்கு இளைப்பாற இடம் கொடுத்த உள்வளைவுகள் அதோடு போயின. 1958இல் மேலே கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டது. 1971 ஜனவரியில் மீண்டும் பெருவெள்ளம். தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. கான்கிரீட் கரைகள் உயர்ந்தன. 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கப்பாதை, 9.7 கிலோமீட்டர் நீளத்தில், நகரத்துக்கு அடியில் திறக்கப்பட்டது. வீடுகளும் கடைகளும் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றன. ஒரு காலத்தில் ஊரின் வாசலாக இருந்தது கொல்லைப்புறமானது.

ஆனாலும் தமிழர் இந்த நீரை முழுதாகக் கைவிடவில்லை. தைப்பூசத்தன்று விடியுமுன் காவடி எடுப்பவர்கள் சுங்கை பத்துவில் நீராடிவிட்டே பத்துமலைப் படியை நோக்கி நடக்கிறார்கள். மஞ்சளும் ஈரமுமான வேட்டி, கரையில் சாம்பிராணிப் புகை, உறுமி மேளம், வேல் வேல் என்ற முழக்கம். அந்தச் சிற்றாறு கோம்பாக்கில் சேர்ந்து, ஜாமெக் பள்ளிவாசலைத் தொட்டு, பிரிக்பீல்ட்ஸைக் கடந்து கிள்ளானுக்குப் போகிறது. சூளையும் ரயிலும் துறைமுகமும் கண்ட அதே நீர்தான்.

பழைய ஆற்றுப் பயணத்தின் சாரம் நீரில் போய், நீர் முடிந்த இடத்தில் நடப்பது. அந்தப் பயணிகள் படகைத் துறையில் விட்டுவிட்டு நடந்தார்கள். படகையும் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது இன்னொரு மரபு. அது தமிழருக்கு அந்நியமானதன்று. ஒகேனக்கல்லில் காவிரியில் ஓடும் பரிசல், மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது தார் பூசிய விரிப்பும் போர்த்திச் செய்யப்படுவது. கீழே இறங்கிய பரிசல்காரர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைகளின் மேல் ஏறி மறுபடி மேலே போவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய குடை நடந்து போவதுபோல் இருக்கும்.

இதே கருத்தை 1840களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட் வேறுவிதமாகச் செய்துபார்த்தார். ரப்பர் பூசிய துணியில் அவர் வடிவமைத்த படகு, காற்று இல்லாதபோது தோளில் அணியும் மேலங்கி. துருத்தியால் காற்றடித்தால் ஓர் ஆள் ஏறும் ஓடம். வடதுருவப் பயணி ஜான் ரே அவருடைய காற்றுப் படகைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார். அப்போது ரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு சிலாங்கூரில் கித்தாத் தோட்டங்கள் பரவி, உலகத்துக்கு ரப்பர் தந்த நிலங்களில் ஒன்றாக இது மாறியபோது, விடியற்காலையில் மரம் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 2000ஆம் ஆண்டில் அலாஸ்காவின் ஷெரி டிங்கி தொடங்கிய அல்பாக்கா நிறுவனம், முதுகில் சுமந்து செல்லும் சிறுபடகான இன்றைய பேக்ராஃப்ட்டுக்கு வடிவம் கொடுத்தது. பாலியூரிதேன் பூசிய நைலான் துணி, இரண்டு முதல் நான்கு கிலோ எடை, சுருட்டினால் முதுகுப்பைக்குள் அடங்கும். காற்றடிக்கச் சில நிமிடம் போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட சிறு படகில் பழகத் தொடங்குபவருக்கு, முந்தைய தலைமுறைப் படகுக்காரர் அறிந்திருந்த பாடமே முதல் பாடம்: உள்வளைவின் மந்த நீர், விழுந்த மரத்தின் ஆபத்து, மழைக்குப் பின் மாறும் நீர் நிறம். மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீரென நீர்ச்சுவராக இறங்குவதை மலாய்க்காரர் கெப்பாலா ஆயர், அதாவது நீரின் தலை, என்பார்கள். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ உடனே கரையேற வேண்டும். மிதவை அங்கி இல்லாமல் ஓட்டத்தில் இறங்கக் கூடாது. தனியாக இறங்கக் கூடாது. காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது, எலிக் காய்ச்சல் இந்த ஆறுகளில் உண்டு.

வேக நீரில் படகு விடுபவர்கள் சிலாங்கூரில் அதிகம் கூடும் இடம் கோல குபு பாருவுக்கு மேலே உள்ள சிலாங்கூர் ஆறு. அந்த ஊரின் பெயரிலுள்ள பாரு, புதியது என்று பொருள்படும். பழைய கோல குபு ஈயச் சேற்றிலும் வெள்ளத்திலும் புதைந்ததால் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். ஆனால் தொடங்குபவர் அங்கே தொடங்க வேண்டாம். முதலில் தேங்கிய நீர் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமில்லை, ஏனென்றால் சுரங்கம் மூடிய பிறகு ஈயக்குட்டைகள் ஏரிகளாகிவிட்டன. தித்திவங்சா ஏரி அப்படி வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில், திறந்த ஈயச்சுரங்கங்களில் பெரியது எனப் பெயர் பெற்ற ஹோங் ஃபாட் சுரங்கம் இன்று மைன்ஸ் ஏரி. கவிழ்ந்த படகில் மறுபடி ஏறப் பழகுவதற்கு இந்த வகை ஓட்டமில்லாத நீரே ஏற்றது. அந்தந்த ஏரி நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு இறங்க வேண்டும்.

கிள்ளான் ஆற்றை மீட்க 2012இல் தொடங்கிய வாழ்வின் நதித் திட்டம், ஆறும் கிளையாறுகளுமாக 110 கிலோமீட்டரைத் தூய்மைப்படுத்த முனைந்தது. கீழ்ப்பகுதியில் 2019 முதல் சூரிய ஆற்றலில் இயங்கும் இன்டர்செப்டர் மிதவைக்கலம் கடலுக்குப் போகும் குப்பையை அள்ளுகிறது. திட்டத்தின் இலக்கு, நீரை இரண்டு-பி வகுப்புத் தரத்துக்கு உயர்த்துவது. மலேசிய நீர்த்தர அளவுகோலில், மனித உடல் படும் நீர்விளையாட்டுக்கு ஏற்றது என்று வரையறுக்கப்பட்ட தரம் அதுதான்.